யாங்கூனில் உடை காலிலிருந்து தொடங்குகிறது

யாங்கூனுக்குப் புறப்படும் தமிழருக்கு உடையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்றுதான் முதலில் தோன்றும். வெயில் நமக்குப் புதிதல்ல. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதும் புதிதல்ல. ‘தோளையும் முழங்காலையும் மூடிக்கொள்ளுங்கள்’ என்று பயண வழிகாட்டிகள் ஐரோப்பியருக்குச் சொல்லும் அறிவுரையை நம்மவர்கள் ஒரு சிரிப்போடு புரட்டிவிட்டுப் போவார்கள். சிக்கல் அந்தத் தெம்பிலேயே இருக்கிறது. இன்றைய சுற்றுலாப் பெட்டி ஒன்றைத் திறந்து பாருங்கள். ஆண்கள் பக்கம் அரைக்கால் சட்டை, ஜீன்ஸ், நாடா கட்டும் ஷூ, சாக்ஸ். பெண்கள் பக்கம் லெக்கிங்ஸ், கையில்லாத குர்த்தி. ஊரில் பாட்டியோடு கோயிலுக்குப் போகும்போது எடுத்து வைக்காத உருப்படிகளெல்லாம் வெளிநாடு என்றதும் பெட்டிக்குள் ஏறிக்கொள்கின்றன. இவற்றில் ஒன்றுகூட யாங்கூனின் வெயிலுக்குப் பொருந்தாது, வழக்கத்துக்கும் பொருந்தாது. ‘மரபுக்காக மூடினால் வெந்து சாக வேண்டும், வெயிலுக்காகக் குறைத்தால் முகம் சுளிப்பார்கள்’ என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுவது பயண எழுத்தில் ஒரு பழக்கமாகிவிட்டது. யாங்கூனைப் பொறுத்தவரை அது தப்புக்கணக்கு என்பதே என் வாதம். அங்கே வழக்கம் கேட்கிற உடையைத்தான் தட்பவெப்பமும் கேட்கிறது. அந்த உடையைத் தேர்வு செய்ய உட்காரும்போது மேலேயிருந்து அல்ல, காலிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்போது அந்த ஊருக்குப் போகலாமா என்பது தனிக் கேள்வி. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து மியன்மாரில் உள்நாட்டுப் போர் நடக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் எச்சரிக்கைகளைப் படித்துவிட்டு ஒவ்வொருவரும் தானே எடுக்க வேண்டிய முடிவு அது. ஆனாலும் உறவினரைப் பார்க்கவும், வியாபாரத்துக்கும், தியான மையங்களில் தங்கவும், கோயில் திருவிழாவுக்கும் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பயன்படும்.

முதலில் பாதம். ஷ்வேடகோன் ஏறத்தாழ 99 மீட்டர் உயரமுள்ள தூபி. சிங்குத்தர குன்றின் உச்சியில் நிற்கிறது. நான்கு திசையிலிருந்தும் கூரை வேய்ந்த படிக்கட்டுகள் மேலே போகின்றன. படியின் அடியிலேயே வெறுங்காலாகிவிட வேண்டும். நம் ஊர்க் கோயில்களில் கல் சுடுகிறதென்று சாக்ஸ் போட்டுக்கொண்டு பிரகாரம் சுற்றுகிறவர்களை யாரும் தடுப்பதில்லை. அங்கே சாக்ஸும் கூடாது, பெண்களின் மெல்லிய நைலான் காலுறையும் கூடாது. மேலே பளிங்குத் தரை. நண்பகலில் கொதிக்கும், மழையில் வழுக்கும். விரிப்புப் போட்ட பாதை உண்டு என்றாலும், தன் பிறந்த கிழமைக்குரிய மூலையைத் தேடிப் போய் அங்குள்ள புத்தர் சிலைக்குத் தண்ணீர் ஊற்ற நினைப்பவர் விரிப்பைவிட்டு இறங்கித்தான் ஆக வேண்டும். அதிகாலையிலேயே திறந்துவிடுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் போய்வருவதே புத்திசாலித்தனம். ஷ்வேடகோன் ஒன்றோடு இது முடிந்துவிட்டால் ‘ஒரு நாள்தானே’ என்று சமாளிக்கலாம். ஆனால் யாங்கூனில் பகோடா என்பது ஊருக்கு வெளியே தனியாகப் பார்த்துவிட்டு வரும் தலம் அல்ல. சூலே பகோடா நகரத்தின் நட்டநடுவே, பேருந்துகள் சுற்றிப்போகும் வட்டச் சந்திப்பில் நிற்கிறது. போத்ததாங் பகோடா ஆற்றங்கரையில் படகுத்துறையை ஒட்டி இருக்கிறது. அலுவலகம் விட்டுப் போகிறவர் கடைக்குள் நுழைவதுபோல் அவற்றுக்குள் நுழைந்து, கும்பிட்டுவிட்டு வெளியே வருகிறார். ஒரு நாளில் மூன்று நான்கு முறை செருப்பைக் கழற்றி மாட்ட வேண்டிய ஊரில் நாடா கட்டிய ஷூ ஒரு தண்டனை. வியர்வையில் ஊறிய சாக்ஸைக் கையில் சுருட்டிக்கொண்டு நிற்பது அதைவிடப் பெரிய தண்டனை.

நல்ல அடிப்பாகமுள்ள செருப்புப் போதும் என்று சொன்னால், ‘முக்கியமான இடத்துக்குப் போகும்போது செருப்பா?’ என்று நம்மில் பலர் தயங்குவார்கள். மூடிய காலணிதான் மரியாதை என்ற எண்ணம் நமக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது. பர்மியரிடம் அது அப்படி இறங்கவில்லை. மாப்பிள்ளையும் அமைச்சரும் பேராசிரியரும் வெல்வெட் வார் வைத்த செருப்பில்தான் நிற்பார்கள். முழு அலங்கார உடையோடு சேர்ந்த காலணியே அதுதான். நடைபாதையில் பெயர்ந்து கிடக்கும் பலகைக் கற்களையும் வெற்றிலை எச்சிலையும் நினைத்தால், நகர வீதிக்கு வெல்வெட்டைவிடக் கழுவக்கூடிய ரப்பர் செருப்பே நல்லது. கூடவே ஒரு சின்னத் துணிப்பையும் ஈரத்துணியும் இருந்தால் போதும்.

இந்தக் காலணி விஷயத்தை வெறும் ஆசாரமாகப் பார்ப்பவர்கள் அதன் பின்னே இருக்கும் வரலாற்றைத் தவறவிடுகிறார்கள். மாந்தலேயில் மிண்டோன் மன்னர் ஆண்ட காலத்தில், அரசரைக் காணவந்த பிரிட்டிஷ் தூதர்கள் ஷூவைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார வேண்டியிருந்தது. 1875இல் டக்ளஸ் ஃபோர்சைத் தூது போய்வந்த பிறகு, இனி எங்கள் பிரதிநிதி ஷூவைக் கழற்ற மாட்டார் என்று பிரிட்டிஷ் இந்திய அரசாங்கம் உத்தரவு போட்டது. கழற்றாதவரை நாங்கள் பார்க்க மாட்டோம் என்றது அரண்மனை. அதன்பின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் அரசரை நேரில் சந்திக்கவே முடியவில்லை. பத்து ஆண்டுகளில் போர் வந்து அரசாட்சியே போனதற்கு ஷூ ஒன்றே காரணமென்று சொல்வது அபத்தம். ஆனால் பேசித் தீர்க்க வேண்டிய இரண்டு தரப்பும் முகம் பார்த்துப் பேசும் வழியை அது அடைத்துவிட்டது. பிரிட்டிஷார் முன்பே பிடித்திருந்த இடங்களில் நிலைமை தலைகீழாக இருந்தது. ஷ்வேடகோன் குன்றில் பிரிட்டிஷ் படை முகாமிட்டது. 1852 போரில் வந்து உட்கார்ந்தவர்கள் 1929 வரை மேற்கு வாயிலைத் திருப்பித் தரவில்லை. அதிகாரிகளும் சுற்றுலா வந்த ஐரோப்பியரும் ஷூவோடு பகோடா மேடையில் நடந்தார்கள். அதே இடத்தில் பர்மியர் வெறுங்காலோடு மண்டியிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

1906இல் தொடங்கிய இளம் பௌத்தர் சங்கம் படித்தவர்களின் அமைப்பு. கல்வி, மதம் என்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு அரசியல் உயிர் கொடுத்தது காலணி. 1916ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரோம் நகர வழக்கறிஞர் ஊ தெய்ன் மாங் இதைக் கையில் எடுத்தார். பெரும் பண்டிதராக மதிக்கப்பட்ட லெடி சயாடோ, பகோடாவில் ஷூ அணிவது ஏன் தகாது என்று ஒரு நூலே எழுதினார். 1919 அக்டோபரில் மாந்தலேயின் எய்ந்தோயா பகோடாவில் ஷூவோடு நுழைந்த ஐரோப்பியர் மீது பிக்குகள் பாய்ந்தார்கள். அவர்களில் ஊ கெத்தயா என்பவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் அரசாங்கம் இறங்கிவந்து, காலணி பற்றிய முடிவை அந்தந்தத் தலத்தின் பொறுப்பாளர்களிடமே விட்டது. ஷூவைக் கழற்ற மனமில்லாத வெள்ளையர் பலர் ரங்கூனிலேயே வாழ்ந்தும் ஷ்வேடகோனுக்குள் போகாமலேயே இருந்துவிட்டார்கள். வேட்டி கட்டியதற்காக உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் கிரிக்கெட் கிளப் வாசலில் நிறுத்தியதும், ஒரே மாதத்தில் சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்றியதும் 2014இல் நடந்தவை. அந்தக் கோபத்தைப் புரிந்துகொண்டவர்களுக்குப் பர்மியரின் காலணிக் கோபம் விளங்காமல் போகாது. வாசலில் எழுதி வைத்திருக்கும் ‘காலணி கூடாது’ என்ற பலகை அவர்கள் போராடி வாங்கியது. அதைச் சாக்ஸோடு தாண்டப் பார்ப்பவருக்கு அதன் விலை தெரியாது.

இந்த வரலாற்றின் ஒரு துண்டு சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது. பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணமாக இருந்ததால், நம் ஊரில் பலரும் கேள்விப்பட்ட 295-ஏ என்ற பிரிவு அங்கேயும் அதே எண்ணில் உண்டு. மத உணர்வைப் புண்படுத்துவதற்கான தண்டனை அது. யாங்கூன் மது விடுதி ஒன்றின் விளம்பரத்தில் புத்தருக்கு ஹெட்போன் மாட்டிய படம் வந்ததற்காக, அதன் மேலாளரான நியூசிலாந்துக்காரருக்கும் அவருடைய பர்மிய சகாக்கள் இருவருக்கும் 2015 மார்ச்சில் இரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. மன்னிப்புக் கேட்டும் பலிக்கவில்லை. 2016இல் பகானில், காலில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த ஸ்பெயின் நாட்டுப் பயணியை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். புத்தர் முகம் அச்சிட்ட டி-ஷர்ட்டுகளும் பைகளும் நம் ஊர்க் கடைகளில் அமைதியின் அடையாளமாக விற்கின்றன. வாங்குகிறவரும் மரியாதையாகத்தான் வாங்குகிறார். அங்கே அந்த நோக்கத்தை யாரும் விசாரிக்க மாட்டார்கள். புத்தர் எந்த இடத்தில் இருக்கிறார், இடுப்புக்கு மேலா கீழா, உட்காரும் இடத்திலா என்பதுதான் கண்ணில் படும். அப்படிப்பட்ட துணிகளை வீட்டிலேயே விட்டுவிடலாம். காலில் பச்சை குத்தியிருப்பவர்கள் பயணம் முழுக்க அதை மூடிவைப்பதே பாதுகாப்பு.

இனி வெயில். ‘குறைந்த துணி, குறைந்த புழுக்கம்’ என்ற கணக்கு கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் உடலுக்கு வெப்பம் வருவது காற்றிலிருந்து மட்டுமல்ல, சூரியனிலிருந்து நேரடியாகவும் வருகிறது. தோலை வெயிலுக்குத் திறந்து வைத்தால் அந்த வெப்பத்தை முழுவதும் உடலே வாங்கிக்கொள்கிறது. 1980இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, பாலைவன பெடூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று கேட்டது. கறுப்பு அங்கி வெள்ளையைவிட அதிக வெப்பத்தை ஈர்த்தாலும், தோல்வரை போய்ச் சேர்ந்த வெப்பம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. அங்கி தொளதொளவென்று இருந்ததால் உள்ளே காற்று ஓடி, கூடுதல் வெப்பத்தை வழியிலேயே கொண்டுபோய்விட்டது. ‘அது வறண்ட பாலைவனம், யாங்கூன் ஈரக் காற்று’ என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே. ஏப்ரலில் அங்கே பகல் வெப்பம் 37 டிகிரியைத் தொடுகிறது. காற்றில் ஈரமும் சேர்ந்திருப்பதால் வியர்வை வடிகிறதே தவிரக் காய்வதில்லை. ஆனால் அந்த ஈரம்தான் தொளதொளப்பை இன்னும் அவசியமாக்குகிறது. தோலுக்கும் துணிக்கும் இடையில் காற்று நகர்ந்தால் ஒழிய வியர்வை ஆவியாகாது. லெக்கிங்ஸும் ஒட்டிய ஜீன்ஸும் அந்த இடைவெளியை அடைத்துவிடுகின்றன. தொடையை மூடினாலும் அவை மூடியதாகக் கணக்கில் வராது. வெயிலுக்கும் உதவாது, பகோடாவுக்கும் உதவாது.

துணியிலும் ஒரு சிக்கல் உண்டு. பருத்தி ஈரத்தை உறிஞ்சும், உடம்புக்குச் சுகம் என்பது நமக்கு மனப்பாடம். சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் ஈரத்தை வைத்துக்கொள்கிறது. பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வைத்துக்கொள்வதில்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை இந்தக் குணம் பருத்திக்குச் சாதகம். மே நடுவில் மழை பிடித்துவிட்டால் அதுவே பாதகமாகிறது. யாங்கூனில் ஆண்டு மழை ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர், சென்னையைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஒவ்வொரு மாதமும் 500 மில்லிமீட்டரைத் தாண்டும். அந்த மாதங்களில் நனைந்த ஜீன்ஸ் மூன்றாம் நாளும் அறைக்குள் தொங்கிக்கொண்டு வாடை வீசும். மழைக்காலப் பயணிக்கு மெல்லிய பருத்தி, அல்லது பருத்தி கலந்த லேசான துணிதான் சரி. கனமான எதுவும் வேண்டாம். வெள்ளையை நம்ப வேண்டாம். சாலைச் சேறு அதை ஒரே நடையில் தோற்கடித்துவிடும்.

இந்த நிபந்தனைகளை எல்லாம் ஒருசேர நிறைவேற்றும் உடை அந்த ஊரிலேயே இருக்கிறது. ஏறக்குறைய 2 மீட்டர் துணியைக் குழாய்போல் மூட்டிய லோன்ஜி, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆண்கள் இரு பக்கத்தையும் முன்னால் இழுத்து, வயிற்றின் நடுவே முடிச்சாகச் செருகுகிறார்கள். பெண்கள் ஒரு பக்கமாக மடித்து இடுப்போரத்தில் செருகுகிறார்கள். பெண்களின் லோன்ஜியில் மேல்விளிம்பில் கறுப்புத் துணிப்பட்டை தைத்திருக்கும், நழுவாமல் பிடித்துக்கொள்ள. கீழே திறந்திருப்பதால் ஒவ்வோர் எட்டிலும் காற்று உள்ளே போய் வருகிறது. தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் தூக்கிக் கட்டலாம். பந்து விளையாடுகிறவர் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு குதிக்கிறார். சந்தேகமிருந்தால் உட்கார்ந்து பார்க்கலாம். தேநீர்க் கடைகளில் இருப்பவை ஒரு முழ உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் முக்காலிகள். குட்டைப் பாவாடையும் அரைக்கால் சட்டையும் அதில் உட்கார்ந்ததும் தோற்றுவிடும். பகோடாவில் உள்ளங்கால் புத்தர் பக்கம் திரும்பாதபடி காலைப் பின்னால் மடக்கித் தரையில் அமர வேண்டும். இறுக்கமான கால்சட்டையில் ஐந்து நிமிடம் தாங்காது. எந்த உடையை எடுத்துவைக்கிறீர்களோ, அதைப் போட்டுக்கொண்டு வீட்டுத் தரையில் காலைப் பின்மடக்கி உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டுப் பெட்டியில் வைப்பது நல்லது. அளவுநாடா சொல்லாததை அது சொல்லிவிடும்.

இங்கே தமிழருக்கென்று ஒரு மனத்தடை குறுக்கே வரும். அது நம் கைலிதானே என்ற நினைப்பு. கைலி நமக்கு வீட்டு உடை, தூங்கும் உடை. அதைக் கட்டிக்கொண்டு வங்கிக்குப் போனால் மேலாளர் ஒருமாதிரி பார்ப்பார். அங்கே பள்ளி ஆசிரியரின் சீருடை பச்சை லோன்ஜியும் வெள்ளை மேலாடையும். நாடாளுமன்றம் கூடியபோது உறுப்பினர்கள் பட்டு லோன்ஜியும் தலைப்பாகையுமாக அவையில் அமர்ந்தார்கள். தியான மையங்களில் பழுப்பு லோன்ஜியோடு பயிற்சிக்கு உட்காருகிறார்கள். எனவே லோன்ஜி கட்டினால் தாழ்வாகிவிடுமோ என்ற கவலை வேண்டாம். அதற்காக எப்படியும் கட்டலாம் என்றும் இல்லை. பெரியவர்கள் எதிரே வரும்போது மடித்துக் கட்டிய வேட்டியை நாம் சட்டென்று அவிழ்த்து இறக்கிவிடுகிறோமே, அந்த மாதிரி எழுதாத இலக்கணம் அதற்கும் உண்டு: பகோடாவில் கணுக்கால்வரை இறங்கியிருக்க வேண்டும். அலையலையான அச்செய்க் நெசவு பெரும்பாலும் பெண்களுக்குரியது. ஆண்களுக்குக் கட்டம், கோடு, ஒற்றை நிறம். முன்பு ஸ்காட் மார்க்கெட் என்று பெயர்பெற்ற போஜோக் ஆங் சான் சந்தையில் துணியைத் தேர்ந்தெடுத்தால் அங்கேயே மூட்டித் தருவார்கள். அன்னியர் கட்டினால் கேலியாகத் தெரியுமே என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: பர்மாத் தமிழர்கள் கோயில் விசேஷத்துக்கு வேட்டியும் புடவையும், அன்றாடத்துக்கு லோன்ஜியும் என்று தலைமுறைகளாக இரண்டையும் கட்டிவருகிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

லோன்ஜி வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆண்களுக்குத் தொளதொளத்த பருத்திக் கால்சட்டையும் முழங்கைவரை வரும் சட்டையும். பெண்களுக்கு என் கணக்கில் முதலிடம் சல்வார் கமீஸுக்கு, அதுவும் பழைய பாணித் தொளதொளச் சல்வாருக்கு. புடவை அங்கே பழகிய உடைதான். ரவிக்கைக் கை சற்று நீளமாக, இடுப்பை மூடிப் பின் குத்தினால் போதும். ஷ்வேடகோனின் மேற்கு வாயிலில் நகரும் படிக்கட்டு இருக்கிறது, கொசுவ விளிம்பைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விடப் பயனுள்ள உருப்படி துப்பட்டா. சூலே பகோடாவிலிருந்து நடக்கும் தூரத்திலேயே பள்ளிவாசல்களும், 26ஆம் தெருவின் யூதர் ஆலயமும், தமிழர் 1871இல் கட்டிய காளி கோயிலும் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளிப் போனால் டெல்லியின் கடைசி பாதுஷா பகதூர் ஷா சஃபர் அடங்கியிருக்கும் தர்கா. ஓரிடத்தில் தலையை மூட வேண்டும், மற்றோரிடத்தில் தோளை. இரவுப் பேருந்தின் ஏ.சி. குளிருக்கும் அதே துணிதான் போர்வை.

‘வாசலிலேயே லோன்ஜி தருகிறார்களே, பிறகென்ன?’ என்பது ஒரு கேள்வி. ஷ்வேடகோனில் தருகிறார்கள், உண்மை. சின்னப் பகோடாவிலும் மடாலயத்திலும் தர மாட்டார்கள். தவறு என்று சொல்லவும் மாட்டார்கள். எதிரில் நிற்பவருக்குச் சங்கடம் வரக்கூடாது என்று வாயை மூடிக்கொள்வது பர்மியப் பண்பு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். இன்னொரு கேள்வி, யாங்கூன் இளைஞர்களே ஜீன்ஸும் அரைக்கால் சட்டையுமாகத்தானே மாலில் திரிகிறார்கள் என்பது. திரிகிறார்கள். கொரியத் தொடர்களின் பாணி அங்கேயும் வந்துவிட்டது. ஆனால் அவர்களுக்கு வீடு பக்கத்தில் இருக்கிறது. எங்கே எதைப் போடலாம் என்ற அளவும் கையோடு இருக்கிறது. பயணிக்கு அன்றைய நாள் முழுவதும் ஒரே உடை. மாலும் பகோடாவும் மடாலயமும் ஒரே பகலில் வருமென்றால் அவற்றில் மிகக் கண்டிப்பான இடத்தையே அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்வதால் வெயிலில் எதையும் இழக்கப்போவதில்லை என்று மேலே பார்த்தோம்.

கடினமான மறுப்பு வேறொன்று. மரியாதை, மரபு என்ற பேரில் சுமை பெண்கள் தலையில்தானே ஏறுகிறது? ஏறுகிறது, அதை மறைத்துப் பேச முடியாது. 1930களில் மெல்லிய துணியில் மேலாடை அணிந்த பர்மியப் பெண்களைப் பத்திரிகைகளும் இளம் பிக்குகளும் நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று சாடினார்கள். அதே காலத்தில் கோட்டும் சூட்டும் போட்ட ஆண்கள் மீது அந்த அளவு கோபம் பாயவில்லை. பகோடாவின் சில மேல்தளங்களுக்கு இன்றும் பெண்கள் ஏற முடியாது, என்ன உடுத்தியிருந்தாலும். பெண்ணின் கீழாடைக்கு அடியில் நடந்துபோனால் ஆணின் மகிமை குறையும் என்ற நம்பிக்கை ஆழமாகவே இருக்கிறது. ஆனால் அந்த நம்பிக்கையை அந்த ஊர்ப் பெண்களே கையாண்ட விதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2021 மார்ச்சில் ராணுவ ஆட்சியை எதிர்த்து யாங்கூன் தெருக்களின் குறுக்கே கொடி கட்டித் தங்கள் லோன்ஜிகளை வரிசையாகத் தொங்கவிட்டார்கள். அடியில் நுழையத் தயங்கிய சிப்பாய்கள் அவற்றை அறுத்துவிட்டுத்தான் முன்னேற வேண்டியிருந்தது. எதை எப்போது மீறுவது என்பது அங்கே வாழ்கிறவர்களின் உரிமை, அவர்களின் துணிச்சல். பத்து நாள் தங்கிப் போகிறவர் அதைத் தன் பங்குக்குச் செய்ய நினைத்தால் விலையை வேறு யாராவது கொடுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் கூட வந்த வழிகாட்டியோ தங்கவைத்த குடும்பமோதான். அதோடு, எவ்வளவு மூடினோம் என்பதைக் கற்பின் அளவாக அந்த ஊரும் எப்போதும் எடுத்துக்கொள்வதில்லை. அதே பௌத்தத்தில் பிக்கு மூத்தவரை வணங்கும்போது வலத் தோளைத் திறந்துவைக்கிறார், ஊருக்குள் போகும்போது இரண்டு தோளையும் மூடுகிறார். திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றுவது மரியாதை. ஷ்வேடகோனில் கையில்லா பனியன் அவமரியாதை. யார் முன், எங்கே என்பதைப் பொறுத்து மாறுகிற ஒழுங்கு இது. பெண்ணுடல் மீதான சந்தேகம் என்ற ஒற்றைக் காரணத்துக்குள் இது முழுவதும் அடங்கிவிடாது.

கீழாடை பற்றிய அந்த நம்பிக்கை தங்கும் விடுதியிலும் வந்து நிற்கும். துவைத்த பாவாடையையும் சல்வாரையும் ஆண்கள் கடந்துபோகும் வழியில், தலைக்கு மேலே உள்ள கொடியில் காயப்போட வேண்டாம். தாழ்வான கொடியோ பின்பக்கமோ நல்லது. வீடுகளில் தங்குகிறவர்கள் எங்கே காயப்போடுவது என்று கேட்டுவிடலாம், கேட்பதைத் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இன்றைய நிலைமையில் மரபைவிட அரசியலுக்கு அதிகம் பயப்பட வேண்டியிருக்கிறது. பச்சைத் திட்டுகள் போட்ட ராணுவப் பாணிக் கால்சட்டையும் தொப்பியும் நம் ஊரில் மலையேறப் போகிறவர்களின் உடை. சோதனைச் சாவடிகள் உள்ள நாட்டில் இரு தரப்பில் யாருக்கும் அதைப் பார்த்தால் சந்தேகம் வரும். ராணுவ ஆட்சியை எதிர்ப்பவர்களின் மூன்று விரல் சின்னமோ முழக்கமோ அச்சிட்ட டி-ஷர்ட்டும் அப்படியே. நம் பெண்களுக்குக் கடைசியாக ஒன்று. ராணுவம் பதவியிறக்கிய தலைவர் ஆங் சான் சூ ச்சி தலையில் பூ வைத்துக்கொள்வது வழக்கம் என்பதால், அவர் பிறந்தநாளான ஜூன் 19 அன்று பூச்சூடுவது எதிர்ப்பின் அடையாளமாகிவிட்டது. 2023இல் அந்த நாளில் பூவோடு வெளியே வந்ததற்காகப் பெண்கள் பலர் கைதானார்கள். மற்ற நாட்களில் மல்லிகை மல்லிகைதான், பகோடா வாசலிலேயே சரம் சரமாக விற்கிறார்கள். அதைப் பெரும்பாலும் புத்தருக்குச் சாத்துவதற்காக வாங்குகிறார்கள். ஜூன் நடுவில் போகிறவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.